அந்த ஸ்விட்சைத் தொடாதே

அம்மா மகளுக்கு முழுதாகப் போன் அடித்ததே கிடையாது. இரண்டு தடவை மணி அடித்ததும் வைத்துவிடுவாள். மகள்தான் திரும்பக் கூப்பிட வேண்டும். அன்று சனிக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு அது விடாமல் அடித்தது. எடுத்தவுடன் மூச்சிரைப்புதான் முதலில் கேட்டது.

"சிங்க் அடைச்சுக்கிச்சுடி. தண்ணி இறங்க மாட்டேங்குது. நாலு மணிக்குள்ள சரியாகலைன்னா நாளையிலேர்ந்து வராதேன்னுட்டாங்க."

"யாரு, அந்தப் பல் டாக்டரா?"

"வேற யாரு? நான்தான் எதையோ போட்டு அடைச்சுட்டேனாம். கையை விட்டுப் பார்த்தேன். அடியில ஏதோ கெட்டியா மாட்டியிருக்கு. விரலுக்குப் படுது, வர மாட்டேங்குது. நீ வந்து பாரேன். இவ்வளவு படிச்சிருக்கியே."

இவ்வளவு படித்தவள் பார்ப்பது ஒரு பம்ப் கம்பெனியில் போன் எடுக்கும் வேலை. மெக்கானிக்கல் இன்ஜினியரிங்கில் முதல் வகுப்பு. அவர்கள் வம்சத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். நாள் முழுக்கக் காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாத ஆட்களின் மோட்டார் ஓடாத கதையைக் கேட்க வேண்டும். யார் கூப்பிட்டாலும் அவள் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியம் ஒன்றுதான்: "முதல்ல கரண்டை நிறுத்திட்டீங்களா சார்?" தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அதைத்தான் சொல்வாள். அரை நாள் வேலை அப்போதுதான் முடிந்திருந்தது. டார்ச், ஒரு ஸ்பேனர், ஆறு மூலை ஆணிகளைத் திருகும் ஆலன் கீ கொத்து எல்லாம் எப்போதும் பையில் கிடக்கும். அப்படியே பஸ் ஏறினாள்.

அம்மா ஒன்றரை வருஷமாக வேலை செய்யும் அந்த வீட்டுக்குள் மகள் ஒரு தடவைகூடப் போனதில்லை. கேட் வரைக்கும் வந்திருக்கிறாள், அவ்வளவுதான். வாட்ச்மேன் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்த வீடு?"

"ஆறாவது மாடி. டாக்டர் வீடு."

"என்ன விஷயமா?"

"சிங்க் ரிப்பேர்."

"அப்போ பின்பக்க லிஃப்ட்ல போம்மா."

குப்பைப் பீப்பாய்கள் போகிற லிஃப்ட் அது. அதற்கே அவளுக்குப் பாதிக் கோபம் ஏறிவிட்டது. மீதிக் கோபத்தை மேலே போய்க் காட்டலாம் என்று வைத்துக்கொண்டாள்.

சமையலறைக் கதவு திறந்திருந்தது. வெள்ளை மேடை, வெள்ளைச் சுவர், முகம் தெரியும் அளவுக்குத் துடைத்த தரை. துடைத்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஜன்னலுக்குக் கீழே இரண்டு தொட்டி வைத்த எவர்சில்வர் சிங்க். அம்மா அதன் முன்னால் நின்று, வலது கையை மணிக்கட்டு வரை உள்ளே விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். கண் கூரையைப் பார்த்தது. கண்ணால் பார்க்க முடியாததை விரலால் தேடுகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் நிற்பார்கள்.

"வந்துட்டியா வக்கீலு? தண்ணியையெல்லாம் மொண்டு ஊத்திட்டேன். இந்தச் சனியன்தான் வர மாட்டேங்குது."

வக்கீல் என்பது மகளுக்கு வீட்டில் வைத்த பெயர். படித்தது இன்ஜினியர், வாய் மட்டும் வக்கீல் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

மகள் குந்தி உட்கார்ந்து சிங்க்குக்குக் கீழே இருந்த இரட்டைக் கதவைத் திறந்தாள். குழாயின் வளைவைக் கழற்றி வாளியில் கொட்டினால் கால் மணி நேர வேலை என்று நினைத்திருந்தாள். சோப்புப் பாட்டில்களை ஒதுக்கினாள்.

பின்னால் தொங்கியது குழாய் இல்லை.

சின்னக் குடம் அளவுக்குச் சாம்பல் நிற உருளை ஒன்று சிங்க்கின் தொண்டையைக் கவ்விப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் இடுப்பிலிருந்து ஒரு கறுப்பு ஒயர் சுவர்ப் பக்கம் ஓடியது. ஒயர் நுனியில் ப்ளக். ப்ளக் சாக்கெட்டில் இருந்தது. உருளையில் ஒட்டியிருந்த தகட்டை டார்ச் அடித்துப் படித்தாள். அரை குதிரைத் திறன் மோட்டார். நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதும் போட்டிருந்தது. அந்த எண்ணை அவள் இரண்டாவது தடவை படிக்கவில்லை.

"அம்மா. கையை எடு."

"இருடி, இப்பத்தான் விரல்ல மாட்டுது..."

"கையை எடும்மா!"

அம்மா வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். நடு மேடையில் இருந்த டம்ளர் ஒன்று உருண்டது.

"ஏன்டி இப்படிக் கத்துறே? பாம்பா இருக்கு உள்ளே?"

மகள் எழுந்து சுவரைப் பார்த்தாள். சிங்க்குக்குப் பக்கத்தில் ஒரே பலகையில் இரண்டு ஸ்விட்ச். ஒன்று மேலே இருக்கும் விளக்குக்கு. இன்னொன்றும் அச்சு அசலாக அதே மாதிரி, ஒரு வித்தியாசமும் கிடையாது. அந்த இரண்டாவது ஸ்விட்ச் அமுங்கியிருந்தது. போட்டால் தெரியும் சிவப்புக் கோடு தெரிந்தது.

ஸ்விட்ச் போட்டபடியே இருந்தது. ப்ளக்கும் சாக்கெட்டில் இருந்தது. கையும் உள்ளே இருந்தது.

  மகள் விரலை நீட்டி ஸ்விட்சை அணைத்தாள். பிறகு கீழே குந்தி ப்ளக்கைப் பிடுங்கினாள். பிடுங்கின ப்ளக்கை அலமாரிக் கைப்பிடியில் தன் தலைமுடி ரப்பரைப் போட்டுக் கட்டினாள். யாராவது மறுபடி மாட்டுவதாக இருந்தால் அவள் கண் முன்னால்தான் அதை அவிழ்க்க வேண்டும்.

"என்னடி பண்றே? அந்த ஸ்விட்சைத் தொடக் கூடாது. டாக்டரம்மா சொல்லியிருக்காங்க."

"எப்ப சொன்னாங்க?"

"நான் வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே. இந்த ஸ்விட்சை மட்டும் தொடாதேன்னாங்க. நான் தொட்டதே இல்லை. காலையில அவங்கதான் கிளம்பும்போது போட்டுப் பார்த்தாங்க. ங்ங்குனு ஒரு சத்தம் வந்துச்சு, அப்புறம் நின்னுபோச்சு. 'அடைச்சு வெச்சுட்டியே'ன்னு திட்டிட்டுப் போயிட்டாங்க."

"போட்டதை அணைக்காமலே போயிட்டாங்க."

"அவங்களுக்கு என்ன அவசரமோ."

மகள் அம்மாவின் வலது கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஐந்து விரல்கள். சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்த நுனிகள். மறுபடி எண்ணினாள்.

"என்னடி, கை ரேகை பாக்குறியா?"

"அம்மா, இது வெறும் சிங்க் இல்லை. கீழே மிஷின் இருக்கு. காய்த்தோல், மிச்சம் மீதி எல்லாத்தையும் அரைச்சுத் தண்ணியோட தள்ளிவிடுற மிஷின். அந்த ஸ்விட்ச் அதோடது."

அம்மா சிரித்தாள். "சிங்க்கு அரைக்குமா? நல்லா இருக்கே! அப்போ நான் எதுக்குத் தனியா மிக்ஸி போடுறேன்?"

"சிரிக்காதே. நீ எத்தனை தடவை இதுக்குள்ள கையை விட்டிருக்கே?"

"இது என்னடி கேள்வி? தினமும்தான். ஒரு நாள் விட்டாலும் நாத்தம் வந்துடும். அந்தக் கறுப்பு ரப்பர் மூடி இருக்கு பாரு, அதை மடக்கிட்டு நாரைப் போட்டுச் சுத்திலும் தேய்ப்பேன். உள்ளே ரெண்டு இரும்புத் துண்டு லொடலொடன்னு ஆடும். அதுக்கு அடியிலதான் அழுக்கு சேரும். அதையும் விட மாட்டேன்."

மகள் டார்ச்சை எடுத்துச் சிங்க்கின் வாய்க்குள் அடித்தாள். இந்த மிஷினில் கத்தி கிடையாது. அது அவளுக்குத் தெரியும். ஒரு வட்டத் தட்டு, அதன் மேல் சுழன்று மோதும் இரண்டு இரும்புத் துண்டுகள். எங்கேயும் அவை கறுத்து, பிசுபிசுத்து, பாசி பிடித்துத்தான் இருக்கும். இங்கே பளபளவென்று மின்னின. வெள்ளிப் பாத்திரம் தோற்றுப் போகும். ஒன்றரை வருஷம், தினமும் இரண்டு வேளை, அம்மா தன் விரல்களால் தேய்த்துத் தேய்த்து அந்த இரும்புத் துண்டுகளுக்குப் பளபளப்பு ஏற்றி வைத்திருந்தாள்.

மகள் டார்ச்சை அணைத்துவிட்டாள்.

"அப்போ இதைக் கேளு," என்றாள் அம்மா. வாய் நிறையக் கதை வைத்திருந்தாள். மகள் முகத்தைக் கவனிக்கவில்லை. "இன்னிக்குக் காலையில ஆறு மணிக்கு ஒரு கூத்து. தண்ணி தேங்கி நிக்குதேன்னு கையை விட்டுக் கிண்டிக்கிட்டு இருந்தேன். ஐயா வந்தாரு, டாக்டரம்மா வீட்டுக்காரரு. பாதித் தூக்கம். ஃப்ரிட்ஜ்ல சோடா எடுக்க வந்தவரு, லைட்டைப் போடுறேன்னு இதைப் போட்டுட்டாரு. உள்ளே ங்ங்குனு ஒரு சத்தம். கை முழுக்க ஜிவ்வுனு கூசிச்சு பாரு! எறும்பு ஊர்ற மாதிரி. நான் சிரிச்சுட்டேன். 'ச்சே, தப்பு ஸ்விட்ச்'னு அணைச்சுட்டு அவரு பாட்டுக்கு சோடாவை எடுத்துட்டுப் போயிட்டாரு."

மகள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

  தட்டைச் சுற்றவிடாமல் பிடிக்க அடைப்பு இல்லாத இன்னொரு நாளாக அது இருந்திருந்தால்? நேற்று, முந்தாநாள், போன மாதம்? அந்த ஆள் தூக்கக் கலக்கத்தில் எத்தனை காலை வந்திருப்பான்? இரண்டு ஸ்விட்சும் ஒரே மாதிரி. ஐநூறு நாள், ஆயிரம் தடவை.

"ஏன்டி, மயக்கமா வருதா? காலையில சாப்பிட்டியா இல்லையா?"

"ஏன் கேட்கலை நீ?" மகளின் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. "தொடாதேன்னா, எதுக்குத் தொடக் கூடாதுன்னு ஒரு வார்த்தை கேட்டா என்ன? வாயில என்ன வெச்சிருந்தே?"

"வேலை செய்யுற வீட்டுல ஆயிரம் இருக்கும். அந்த அலமாரியைத் திறக்காதே, இந்தக் குப்பியை நகர்த்தாதே, அந்த ரூமுக்குப் போகாதே. ஒவ்வொண்ணுக்கும் ஏன் ஏன்னு கேட்டா வேலை யாரு குடுப்பா?" அம்மாவுக்கும் சுருக்கென்று வந்துவிட்டது. "அதுவும் நான் கேட்காம இல்லை. உன்கிட்டதான் கேட்டேனே."

"என்கிட்டயா?"

"சேர்ந்த புதுசுல. போன்ல. சிங்க்கு நடுவுல கறுப்பா ரப்பர் வாய் ஒண்ணு இருக்கே, அது என்னடின்னு கேட்டேன். நீ ஆபீஸ்ல இருந்தே. 'வடிகால்தாம்மா, குப்பை போகாம இருக்க ரப்பர் போட்டிருப்பாங்க, இதுக்கெல்லாமா போன் பண்ணுவே'ன்னு வெச்சுட்டே. சரி, இன்ஜினியர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நானும் விட்டுட்டேன்."



மகளுக்கு அது நினைவிருந்தது. நினைவில்லை என்று சொல்ல முடிந்தால் நன்றாக இருந்திருக்கும். வரிசையில் நாலு பேர் காத்திருந்தார்கள். எவனோ ஒருவன் தோட்டத்துப் பம்ப் ஓடவில்லை என்று கத்திக்கொண்டிருந்தான். அவனிடம் பொறுமையாக, அன்பாக, "முதல்ல கரண்டை நிறுத்திட்டீங்களா சார்?" என்று கேட்டாள். அதற்கு நடுவில் அரை நிமிஷம் அம்மாவிடம் எரிந்து விழுந்தாள். ஊருக்குத்தான் உபதேசம். ஒன்றரை வருஷமாக ஊரில் உள்ள அத்தனை பேர் விரலையும் காப்பாற்றிக் கொடுத்தவள், பெற்றவளின் கையை மட்டும் தன் வாயாலேயே மிஷினுக்குள் அனுப்பி வைத்திருக்கிறாள்.

டாக்டரைத் திட்டுவதற்கு அவள் வழி முழுக்க வார்த்தை சேர்த்து வைத்திருந்தாள். அதில் முதல் வார்த்தை இப்போது அவளுக்கே வேண்டியிருந்தது.

"மணி ரெண்டே முக்கால்," என்றாள் அம்மா. "அழுறதுன்னா வீட்டுல போய் அழுதுக்கோ. இதை முதல்ல எடு."

எழுந்தாள். முகத்தைக் கழுவக்கூட அந்தச் சிங்க்கில் அவளுக்கு மனம் வரவில்லை, தோளில் துடைத்துக்கொண்டாள்.

"கரண்ட்தான் பிடுங்கியாச்சே, நானே விரலை விட்டு..."

"கரண்ட் இல்லைன்னாலும் விரல் போகக் கூடாது. உள்ளே மாட்டியிருக்கறது என்னன்னு தெரியாது. கிழிச்சிடும். டார்ச்சைப் பிடி. இடுக்கி எங்கே இருக்கு?"

அம்மா நீள இடுக்கியை எடுத்துக் கொடுத்தாள். ஜன்னல் ஓரத்தில் இருந்த வெள்ளை டப்பாவையும் நீட்டினாள். "டாக்டரம்மா இந்தப் பவுடரை ஊத்திப் பாக்கச் சொன்னாங்க. அடைப்பெல்லாம் கரைஞ்சிடுமாம்."

"கெட்டியா மாட்டினது கரையுமா? உள்ளே தேங்கி நின்னு, கிண்டும்போது மூஞ்சியில தெறிக்கும். கண்ணு போயிடும். அதைத் தள்ளி வை."

டார்ச் வெளிச்சத்தில் தட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஏதோ ஆப்பு வைத்தது போல மாட்டியிருந்தது தெரிந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. பலம் போட்டால் இன்னும் இறுகும். கீழே குந்தி உருளையின் அடியைத் தடவிப் பார்த்தாள். நட்ட நடுவில் ஆறு மூலை உள்ள ஒரு சின்னக் குழி. அதற்கென்றே வைத்தது. ஆலன் கீ கொத்திலிருந்து ஒன்றைப் போட்டாள், லொடலொடத்தது. அடுத்தது கச்சிதமாக உட்கார்ந்தது. வலப்பக்கம் திருகினாள். கல் மாதிரி நின்றது. இடப்பக்கம். நூல் அளவு நகர்ந்தது. மறுபடி வலம், மறுபடி இடம். வண்டி சேற்றில் மாட்டினால் முன்னும் பின்னும் ஆட்டி எடுப்பதில்லையா, அந்த மாதிரி. உள்ளங்கையில் சாவி பதிந்து வலித்தது. ஏழாவதோ எட்டாவதோ தடவை "கடக்" என்றது.

"ஆடுது! ஆடுது!" மேலிருந்து அம்மா கத்தினாள்.

"பார்த்துட்டு மட்டும் இரு. தொடாதே."

சாவி முழுச் சுற்று சுற்றியது. இரண்டு, மூன்று தடவை தடையில்லாமல் சுற்றிப் பார்த்தாள். பிறகு எழுந்து இடுக்கியை விட்டு மெல்லத் தூக்கினாள். மேடையில் "டிங்" என்று விழுந்தது.

சோடா மூடி. இரண்டாக மடிந்து, பல் பல்லாக இருக்கும் ஓரம் நசுங்கி, ஒரு பக்கம் பிளேடு போலக் கூராகியிருந்தது.



"இந்த வீட்டுல நான் சோடா குடிக்கிறதில்லை," என்றாள் அம்மா.

மகளுக்கு அந்த மூடியை மிதித்துத் தேய்க்கலாமா, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாமா என்று புரியவில்லை. அது மட்டும் அங்கே மாட்டாமல் இருந்திருந்தால், காலை ஆறு மணிக்கு... அவள் நினைப்பை அங்கேயே அறுத்தாள்.

உருளையின் அடியில் ஓரமாகத் துருத்திக்கொண்டிருந்த சிவப்புப் பொத்தானை உள்ளே அழுத்தினாள். மோட்டார் சூடேறினால் தானே அணைந்துவிடும் காவல் அது. ஸ்விட்ச் அணைந்திருக்கிறதா என்று மூன்றாவது தடவையும் பார்த்தாள். முடி ரப்பரை அவிழ்த்து ப்ளக்கை மாட்டினாள். பச்சைத் தண்ணீரைத் திறந்துவிட்டாள்.

"தள்ளி நில்லும்மா. ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கோ."

"என்ன இது, பள்ளிக்கூடமா?"

"கட்டிக்கோன்னா கட்டிக்கோ."

ஸ்விட்சைப் போட்டாள்.

உள்ளே ஒரு மிருகம் விழித்துக்கொண்டது போல உறுமியது. மேடை அதிர்ந்தது, டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதின. அம்மா பின்னால் போய் ஃப்ரிட்ஜில் இடித்துக்கொண்டாள். ஒன்றரை வருஷத்தில் அந்தச் சத்தத்தை அவள் கேட்டதே இல்லை. அவள் போன பிறகு இரவுச் சாப்பாடு முடிந்துதான் அவர்கள் அதைப் போடுவார்கள்.

மகள் மேடையில் கிடந்த காரட் ஒன்றை எடுத்தாள். விரல் தடிமன்தான். அம்மாவிடம் காட்டினாள். பிறகு சிங்க்கின் வாய்க்கு நேரே வைத்து, எட்ட நின்றபடி விட்டாள்.

"க்ரக்."

அவ்வளவுதான். ஒரு கண் சிமிட்டல்கூட இல்லை. காரட் இருந்த இடத்தில் தண்ணீர் ஓடியது.

மகள் அணைத்தாள். திரும்பிப் பார்த்தபோது அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் கட்டியிருந்த கைகளை முன்னால் கொண்டுவந்து, மடியில் வைத்து, யாரோ கொடுத்த பொருளைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. கதை சொல்லிச் சிரித்த வாய் திறந்தபடி நின்றது. அவளுக்கு இப்போதுதான் அந்தப் பயம் வந்து சேர்ந்தது. மகளுக்கு இரண்டரை மணிக்கு வந்தது அவளுக்கு மூன்றேகாலுக்கு வந்தது.

"தலைக்கு வந்தது..." என்று ஏதோ பழமொழி தொடங்கினாள். முடிக்கவில்லை. இரண்டு கையையும் அக்குளுக்குள் ஒளித்துக்கொண்டாள்.

அந்த நேரத்தில்தான் முன்வாசல் சாவி திரும்பியது. டாக்டரம்மா நாலு மணிக்கு முன்பாகவே வந்துவிட்டாள். நாற்பது வயது, கைப்பை, வெள்ளைக் கோட்டு கையில் மடித்துப் போட்டிருந்தாள்.

"சரியாச்சா? எதைப் போட்டுத் தொலைச்சே?"

அம்மாவைவிட அவள் பதினைந்து வயது சின்னவள். மகள் மேடையில் இருந்த மூடியைச் சுட்டினாள்.

"இது உங்க வீட்டுக்காரர் குடிச்ச சோடாவோட மூடி. காலையில எங்க அம்மா கை உள்ளே இருக்கும்போது அவர் இந்த ஸ்விட்சைப் போட்டிருக்கார். அதுக்கப்புறம் நீங்க போட்டுட்டு அணைக்காமப் போயிருக்கீங்க. நான் வரும்போது எங்க அம்மா கை மணிக்கட்டு வரைக்கும் உள்ளே இருந்துச்சு."

"நீ யாரு?"

"இவங்க பொண்ணு. இன்ஜினியர்."

"ஓ, நீங்க இன்ஜினியரா?"

'நீ' என்று வரவேண்டியது 'நீங்க' என்று மாறியதை மகள் கவனித்தாள். ஒரு டிகிரிக்கு அவ்வளவு மரியாதை. ஒன்றரை வருஷம் தேய்த்ததற்கு ஒன்றும் இல்லை.

டாக்டரம்மாவின் முகம் வெளுத்தது. நடித்தாள் என்று சொல்ல முடியாது. "கையையா விட்டாங்க? உள்ளேயா? ஐயோ, எனக்கு எப்படித் தெரியும்? சிங்க் நாத்தமே வர்றதில்லை, எவ்வளவு சுத்தமா வெச்சிருக்கான்னு நான் எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்வேனே..."

"எப்படிச் சுத்தமாகுதுன்னு நினைச்சீங்க?"

டாக்டரம்மா கைப்பையை மேடையில் வைத்தாள்.

"இது மிஷின்னு ஏன் சொல்லலை?"

"சொன்னா பயந்துடுவாங்கன்னுதான்," என்றாள் டாக்டரம்மா. சொல்லும்போதே அது எப்படிக் கேட்கிறது என்று அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும், குரல் இறங்கியது. "முன்னாடி இருந்த பொண்ணுகிட்ட சொன்னோம். மறுநாள்லேர்ந்து சிங்க் பக்கமே போக மாட்டேன்னுட்டா. பாத்திரம் அப்படியே கிடக்கும். அப்புறம் வேலையை விட்டே போயிட்டா. அதனாலதான் இவங்களுக்கு... ஸ்விட்சைத் தொடாதேன்னு சொன்னா போதும்னு..."

 மறந்துவிட்டார்கள் என்றுதான் மகள் நினைத்திருந்தாள். அலட்சியம் என்று நினைத்திருந்தாள். யோசித்து, பேசி வைத்துச் சொல்லாமல் விட்டிருப்பார்கள் என்பது அவள் சேர்த்து வைத்திருந்த எந்தக் கோபத்திலும் இல்லை. வக்கீல் என்று பெயர் வாங்கியவளுக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

பேசியது அம்மா. தரையில் கையூன்றி எழுந்தாள்.

"ப்ளக்கைப் பிடுங்குடி."

மகள் பிடுங்கினாள்.

"தூக்கிக் காட்டு."

மகள் ப்ளக்கைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள்.

"டாக்டரம்மா, கரண்ட் இல்லை. பாத்துக்கோங்க. ஸ்விட்சும் அணைச்சாச்சு." அம்மாவின் குரலில் கோபமே இல்லை. பாத்திரம் எங்கே வைக்கட்டும் என்று கேட்பது போலத்தான் கேட்டாள். "ஒரு தடவை கையை விட்டுக் காமிங்க."

"எதுக்கு இப்போ..."

"சும்மாதான். நான் ஒன்றரை வருஷம் விட்டேன். நீங்க ஒரு தடவை. தினமும் அடுத்தவங்க வாய்க்குள்ள கையை விடுறவங்கதானே நீங்க?"

டாக்டரம்மா ப்ளக்கைப் பார்த்தாள். ஸ்விட்சைப் பார்த்தாள். சிங்க்குக்குப் பக்கத்தில் வந்தாள். நோயாளி வாய் திறந்தால் கையுறை மாட்டிக்கொண்டு நுழையும் அந்தக் கை, நகம் வெட்டிச் சுத்தமாக இருந்த அந்தக் கை, கறுப்பு ரப்பருக்கு ஒரு சாண் மேலே போய் நின்றது. விரல்கள் மடங்கின. மறுபடி நீண்டன. சொட்டு சொட்டாகக் குழாய் வடிந்தது. அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"முடியலை," என்றாள்.

"ம்," என்றாள் அம்மா.

மகள் ப்ளக்கைக் கீழே போட்டாள். "வாம்மா, போகலாம். இந்த வாசலை இனி மிதிக்க வேண்டாம்."

"நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும்மா?" என்று அம்மா கேட்டாள். மகளிடம் இல்லை, டாக்டரம்மாவிடம்.

"அம்மா! உனக்குப் பைத்தியமா? சொல்லக் கூடாதுன்னு முடிவு பண்ணிச் சொல்லாம விட்டிருக்காங்க. இங்கேயே வேலை செய்யப் போறியா?"

"நான் போயிட்டா இன்னொருத்தி வருவா. அவகிட்டயும் தொடாதேன்னு மட்டும்தான் சொல்வாங்க." அம்மா மகளைப் பார்த்தாள். "அவளுக்கு ஆலன் கீ வெச்சிருக்கிற பொண்ணு இருக்குமா?"

டாக்டரம்மா எதையோ சொல்ல வாயெடுத்தாள். அம்மா அவளை முடிக்க விடவில்லை. அந்த வீட்டில் அதுவும் முதல் தடவை.

"நான் சிங்க்ல நிக்கும்போது ப்ளக் வெளியில கிடக்கணும். நீங்க ஓட்டணும்னா நான் போனப்புறம் மாட்டி ஓட்டிக்கோங்க. ஐயாகிட்டயும் சொல்லிடுங்க, சோடா மூடியைக் குப்பையில போடச் சொல்லி. இதுக்குள்ள நான் இனி கையை விட மாட்டேன். நாத்தம் வந்தா வரட்டும்." திரும்பினாள். "வக்கீலு, மார்க்கர் வெச்சிருக்கியா?"

பையில் இருந்தது. வெள்ளை டேப்பும் இருந்தது. மகள் ஒரு துண்டு கிழித்து மேடையில் ஒட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள்: எச்சரிக்கை. கழிவு அரைக்கும் மின்சார இயந்திரம். இயக்கும் முன்...

அம்மா எட்டிப் பார்த்தாள். முதியோர் பள்ளியில் ஆறு மாசம் போய் எழுத்துக் கூட்டக் கற்றவள். முதல் வார்த்தையில் பாதி தாண்டுவதற்குள் நிறுத்தினாள்.

"என்னடி இவ்வளவு நீளம்? இதை யாரு படிச்சு முடிக்கிறது? படிச்சு முடிக்கறதுக்குள்ள எல்லாம் அரைஞ்சிடும். கிழிச்சுப் போடு. கை போகும்னு எழுது."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன வேணும்?"

மகள் புதுத் துண்டு கிழித்தாள். பெரிய எழுத்தில் அந்த இரண்டே வார்த்தையை எழுதினாள். இரண்டாவது ஸ்விட்சுக்கு மேலே ஒட்டி, ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள்.

அம்மா கிட்டே வந்தாள். வலது கையின் ஆள்காட்டி விரலை ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே வைத்து, நகர்த்தி நகர்த்தி, டாக்டரம்மா காதில் விழும்படி உரக்கப் படித்தாள்.

"கை... போ... கும்."